லைசென்ஸ் இல்லாத சினிமா ஃபிகர் வாங்கப் போகிறீர்களா? சுங்கத்தில் மாட்டி மீண்டவன் எழுதும் வழிகாட்டி

"நான் ஃபிகர் சேர்க்கிறேன்" என்று நம்மூரில் சொன்னால் கேட்பவர் முகம் போகும் போக்கே வேறு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அலமாரியில் நிற்கும் சினிமாப் பாத்திரங்களின் உருவப் பொம்மைகளைப் பற்றியது. அதிலும், படத்தைத் தயாரித்த நிறுவனத்திடம் அனுமதி வாங்காமல் யாரோ செய்து விற்கும் பொம்மைகளைப் பற்றியது.

2023-இல் நான் அப்படி ஒன்றை ஆர்டர் செய்தேன். முகமூடி போட்ட ஒரு வில்லன், 12 அங்குலம், துணி உடுப்பு, போலித் தோல் மேலங்கி. அது சென்னைக்கு வந்து இறங்கி, என் வீட்டுக்கு வந்து சேர 26 நாள் ஆனது. அந்த 26 நாளில் கூரியர் கம்பெனிக்கு நான் எழுதிய மின்னஞ்சல்களைச் சேர்த்தால் ஒரு சிறுகதைத் தொகுப்பு தேறும். எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு பணம் போகும், எங்கே சட்டம் குறுக்கே வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதும், சட்டப் பிரிவுகளை எடுத்து வைத்துப் படித்ததும்தான் இங்கே இருக்கிறது. பெரிய தொகை போடுவதாக இருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

1. நீங்கள் வாங்குவது எந்த வகை?

"லைசென்ஸ் இல்லாதது" என்ற ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு வருகிறது. நாலுக்கும் ஆபத்து ஒன்றல்ல.

முதலாவது டூப், அதாவது பூட்லெக். அனுமதி வாங்கிச் செய்த கம்பெனியின் பொம்மையை வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து, பெட்டியையும் லோகோவையும் அப்படியே நகலெடுத்து விற்பது. அச்சிலிருந்து அச்செடுப்பதால் உருவம் இம்மியளவு சுருங்கும், மூக்கு மழுங்கும், பெயின்ட் கோட்டைத் தாண்டும். இதில் ஏமாறுவது படக் கம்பெனியும் பொம்மைக் கம்பெனியும் மட்டுமில்லை, நீங்களும்தான். இதை வாங்காதீர்கள் என்பது என் கட்சி. கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவதைச் சேகரிப்பவர்கள் "தர்ட் பார்ட்டி" என்பார்கள். சொந்தமாகச் சிற்பம் வடித்து, சொந்தமாகத் துணி தைத்து, தரமாகவே செய்வார்கள். அனுமதி மட்டும் இருக்காது. பெட்டியில் பாத்திரத்தின் பெயர் வராது. "பாலைவன வீரன்", "சிரிக்கும் கோமாளி" என்று பொத்தாம் பொதுவாக ஏதாவது இருக்கும். சில சமயம் உடம்பும் உடுப்பும் ஒரு கடையில், தலை மட்டும் வேறொரு கடையில். தலையைத் தனியாக விற்றால் சட்டம் கண்டுகொள்ளாது என்று ஒரு நம்பிக்கை. அது நம்பிக்கை மட்டும்தான்.

மூன்றாவது கராஜ் கிட். ரெசினில் வார்த்த, பெயின்ட் அடிக்காத துண்டுகளாக வரும். நீங்களே ஒட்டி, நீங்களே வண்ணம் பூச வேண்டும். இதில் எல்லாமே அனுமதியற்றவை என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் நடக்கும் ஒன்டர் ஃபெஸ்டிவல் என்ற ஃபிகர் திருவிழாவில் அமெச்சூர் சிற்பிகளுக்கு அந்த ஒரு நாளைக்கு, அந்த இடத்தில் விற்க மட்டும் உரிமையாளர்கள் அனுமதி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே வாங்கிய கிட் முறையானது. அதை வாங்கிப் போய் அச்செடுத்து வேறெங்கோ பாதி விலைக்கு விற்கிறார்களே, அதுதான் வில்லங்கம்.

நான்காவது கஸ்டம். முறையான பொம்மையை வாங்கி, தலையை மாற்றி, பெயின்ட் அடித்து ஒரு தனி ஆள் விற்பது.

பெட்டியின் பின்புறமோ அடிப்புறமோ பாருங்கள். முறையான சரக்கில் உரிமைக் குறிப்பு ஒன்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். படக் கம்பெனியின் பெயர், ஆண்டு, "அனுமதியுடன் தயாரிக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு வாக்கியம். தயாரிப்பாளரின் முகவரியும் இருக்கும். இது எதுவுமே இல்லாமல் பெட்டி பளபளவென்று இருந்தால் அது தர்ட் பார்ட்டி. எல்லாம் இருந்தும் எழுத்துப்பிழையோடு இருந்தால் டூப்.

வெளிநாட்டிலிருந்து சுற்றி வந்த ஒரிஜினலைச் சிலர் டூப் என்று தவறாகச் சொல்வதுண்டு. வந்த வழி வேறு, அவ்வளவுதான். சரக்கு முறையானதே.

2. சட்டம் எங்கே கோடு போடுகிறது

நாலு நாள் இதைப் படித்தேன். உங்களுக்குத் தேவையான பகுதி இவ்வளவுதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் சிற்பம் ஒரு கலைப்படைப்பு. தட்டையான ஓவியத்தை முப்பரிமாணத்தில் செய்வதும் நகலெடுப்பதுதான் என்று 14-வது பிரிவு சொல்கிறது. ஆகவே படத்துக்காக வரைந்த பாத்திர வடிவத்தைப் பார்த்துப் பொம்மை செய்து விற்பவர் மீறலில்தான் நிற்கிறார். "அவர் சொந்தமாகத்தானே வடித்தார்" என்ற வாதம் எடுபடாது.

வாங்குகிற நீங்கள்? 51-வது பிரிவு விற்பனைக்காகச் செய்வது, விற்பது, வியாபாரத்துக்காக விநியோகிப்பது, வியாபார நோக்கில் காட்சிக்கு வைப்பது, மீறல் பிரதிகளை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வது என்று வரிசையாக அடுக்குகிறது. இறக்குமதி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதற்கு அடியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இறக்குமதி செய்பவரின் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒரு படைப்பின் ஒரு பிரதியை கொண்டுவருவதற்கு அந்த இறக்குமதித் தடை பொருந்தாது.

ஒரு பிரதி. இந்த இரண்டு சொல்லை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். "ரெண்டா வாங்கினா ஷிப்பிங் மிச்சம், ஒண்ணை நண்பனுக்குக் கொடுத்துடலாம்" என்று தோன்றும். அங்கேதான் நீங்கள் விதிவிலக்கைத் தாண்டி வெளியே வருகிறீர்கள். இரண்டாவது பிரதி நண்பனுக்கு என்றால், நண்பனே தன் பெயரில் ஆர்டர் செய்யட்டும்.

வணிகக்குறிச் சட்டம் 1999-இல் மீறல் என்பது வியாபாரத்தின் போக்கில் குறியைப் பயன்படுத்துவது. அலமாரியில் வைத்திருப்பது வியாபாரம் ஆகாது. ஆனால் பொய்யான குறி போட்ட சரக்கை விற்பது குற்றம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவிலும் வணிகக்குறிச் சட்டத்திலும் தண்டனை ஒரே அளவுதான்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சுங்கத்துறைக்கென்று 2007-இல் வந்த அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகள் தனியாக இருக்கின்றன. உரிமையாளர் முன்கூட்டியே சுங்கத்தில் பதிவு செய்து வைத்தால், சந்தேகத்துக்குரிய சரக்கை அதிகாரிகள் நிறுத்தலாம். வியாபார நோக்கமில்லாத பயணப் பெட்டிச் சரக்குக்கும், சொந்த உபயோகத்துக்கான சிறு பார்சலுக்கும் அந்த விதிகள் பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதுவும் நமக்குச் சாதகம். "சொந்த உபயோகம்" என்பதைக் காட்ட வேண்டியது மட்டும் நம் வேலை. நாலாவது படியில் அதற்குத்தான் இவ்வளவு காகிதம் கேட்கிறேன்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர் குழுக்களில் யாராவது ஒருவர் "லண்டனில் கோர்ட்டே சொல்லிவிட்டது, பொம்மைக்குப் பதிப்புரிமை கிடையாது" என்பார். அவர் சொல்வது 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டார் வார்ஸ் ஹெல்மெட் வழக்கை. படத்துக்காகச் செய்த அந்த ஹெல்மெட் பிரிட்டிஷ் சட்டப்படி சிற்பம் ஆகாது என்றார்கள், உண்மை. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமை மீறலுக்காக அந்த ஹெல்மெட்டைச் செய்து விற்றவரை பிரிட்டனிலேயே வழக்குக்கு இழுக்கலாம் என்றும் சொன்னார்கள். முதல் பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரை நம்பாதீர்கள். அது ஹெல்மெட், அந்த நாட்டுச் சட்டம். நம் கையில் இருப்பது முகமும் உடம்பும் உள்ள உருவம்.

உண்மையான நடிகரின் முகம் இருந்தால் இன்னொரு அடுக்கு கூடுகிறது. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலச் செய்து, அவர் பாட்டையும் பாடவைத்து விற்ற பொம்மைகளுக்கு 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரும் பாணியும் அனுமதியின்றிப் பயன்படுவதாகத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த வழக்கு ஒரு படத்தைப் பற்றியது, பொம்மையைப் பற்றியதல்ல. ஆனாலும் உள்ளூரில் யாராவது "தலைவர் ஃபிகர் 50 பீஸ் போடுறோம், முன்பணம் கொடுங்க" என்று வந்தால், அந்த 50-இல் பங்குதாரராகப் போய் நிற்காதீர்கள்.

3. பணம் கட்டும் முன்

உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. மற்றதை வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும், ஒரு வரம்பும் போட்டு வையுங்கள். என் கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13. பதினோராயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நானூற்றைம்பது ரூபாய் இதிலேயே போகும்.

தர்ட் பார்ட்டி சரக்கு பெரும்பாலும் முன்பதிவில்தான் கிடைக்கும். இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. பேபாலில் வாங்குபவர் பாதுகாப்பு, அதாவது பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி, பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்தான். தர்ட் பார்ட்டி முன்பதிவோ எட்டு மாதம், பத்து மாதம், ஒன்றரை வருடம் என்று நீளும். உரிமையாளரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் தயாரிப்பாளர் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்தையே எடுத்துவிட்டுப் போவார். அப்போது உங்கள் 180 நாள் என்றோ முடிந்திருக்கும். அதனால் நான் இப்போது முழுப் பணம் கட்டி முன்பதிவு செய்வதில்லை. சரக்கு கடைக்காரர் கையில் வந்து, பெட்டியின் படம் போட்ட பிறகுதான் வாங்குகிறேன். பத்து பதினைந்து டாலர் கூடக் கேட்பார்கள், பரவாயில்லை.

விற்பவருக்கு முதல் செய்தியிலேயே மூன்று விஷயம் எழுதுங்கள்:

- சுங்கப் படிவத்தில் நான் கொடுத்த உண்மையான விலையையே போட வேண்டும்.
- "அன்பளிப்பு" என்று எழுதக் கூடாது.
- சரக்கின் பெயரை "பெரியவர்களுக்கான சேகரிப்பு உருவம், 15 வயதுக்கு மேல், 1 எண்ணிக்கை" என்று போட வேண்டும்.

இது மூன்றும் சின்ன விஷயம் போலத் தெரியும். என்னை 26 நாள் நிறுத்தியது இதுதான். என் விற்பவர் உதவி செய்வதாக நினைத்து "பிளாஸ்டிக் பாகங்கள், 15 டாலர், அன்பளிப்பு" என்று எழுதியிருந்தார். நான் கொடுத்தது 110 டாலர். அன்பளிப்பு என்று எழுதினால் வரியில்லாமல் வரும் என்பது பழைய கதை. 2019 டிசம்பர் 12-ஆம் தேதியோடு அந்தச் சலுகை போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் மிச்சம். விலையைக் குறைத்துக் காட்டினால் சுங்கச் சட்டப்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம், தண்டமும் போடலாம். எழுதியவர் எங்கோ இருப்பார், பதில் சொல்ல வேண்டியது உங்கள் பெயர்.

4. காகிதங்களை ஆர்டர் அன்றே சேர்த்து வையுங்கள்

பார்சல் நின்ற பிறகு தேடினால் பாதி கிடைக்காது. விற்பவர் பக்கத்தையே அழித்திருப்பார். ஆர்டர் செய்த அன்று இரவே ஒரு கோப்பு உண்டாக்கி இவற்றைப் போட்டுவிடுங்கள்:

- பொருளின் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்: விலை, எண்ணிக்கை, வயதுக் குறிப்பு மூன்றும் தெரிய வேண்டும்
- விற்பவர் கொடுத்த ரசீது, ஷிப்பிங் கட்டணம் தனியாகக் காட்டியது
- கார்டு அறிக்கையில் அந்தப் பணம் போன வரி
- ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், பார்சலில் உள்ள பெயரும் முகவரியும் அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்
- பெட்டியின் படம், 15+ என்ற குறி தெரியும்படி

பெயர் விஷயத்தில் ஒரு குறிப்பு. நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும், வெளிநாட்டுக் கடைப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள், அவசரத்தில் எதையோ போடுவோம். ஆதாரில் "எஸ்" என்று ஒற்றை எழுத்தாக இருக்கும் அப்பா பெயரை பார்சலில் முழுதாகப் போட்டதால் எனக்கு இரண்டு நாள் போனது.

இதோடு ஒரு பக்க உறுதிமொழிக் கடிதம். கூரியருக்கு ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும், பொருள் இவ்வளவு இருந்தால் போதும்:

"மேற்கண்ட பார்சலில் இருப்பது ஒரே ஒரு சேகரிப்பு உருவம். இதை என் வீட்டில் வைத்துக்கொள்ள என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். விற்பனைக்கோ வாடகைக்கோ அல்ல. நான் இந்தப் பொருளில் வியாபாரம் செய்பவன் அல்ல. கொடுத்த தொகை இவ்வளவு, ஆதாரம் இணைத்திருக்கிறேன். இதை 9804 என்ற தலைப்பின் கீழ் தனிநபர் உபயோகப் பொருளாக மதிப்பிட வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று அடுத்ததில் வருகிறது.

5. செலவு: 2023-இல் விலையைப் போல இன்னொரு மடங்கு

சுங்கத்தில் பொருளுக்கு ஒரு தலைப்பு எண் உண்டு. 9503 என்றால் பொம்மை. 9804 என்றால் தபாலிலோ விமானத்திலோ வரும் தனிநபர் உபயோகப் பொருள்.

9503-இல் போனால் இரண்டு அடி. ஒன்று, பொம்மைகளுக்கான அடிப்படைத் தீர்வை, அதாவது சுங்க வரி, 2020-இல் 20-லிருந்து 60 சதவீதம் ஆனது, 2023-இல் 70 ஆனது. இரண்டாவதுதான் மோசம்: 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் செய்த முகமூடி வில்லனுக்கு ஐஎஸ்ஐ முத்திரைக்கு எங்கே போவது? அந்த ஆணையில் பொம்மை என்பது 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கானது. பெட்டியில் 15+ என்ற குறியைப் பார்த்து வாங்கச் சொன்னதும், அதைப் படம் எடுத்து வைக்கச் சொன்னதும் இதற்குத்தான். அதிகாரி ஏற்பாரா என்பது அவர் கையில். ஆனால் காட்ட ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

என் பார்சலை கூரியர்காரர்கள் முதலில் 9503-இல்தான் போட்டிருந்தார்கள். சான்றிதழ் கேட்டு மின்னஞ்சல் வந்தது. கடிதம் எழுதி 9804-க்கு மாற்ற ஒன்பது நாள்.

2023-இல் என் கணக்கு இப்படி. பொருள் 110 டாலர், ஷிப்பிங் 30 டாலர், சுங்கத்தின் மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 11,500 ரூபாய். தீர்வை பொருள் விலைக்கு மட்டுமில்லை, ஷிப்பிங்கையும் சேர்த்துத்தான். அப்போது 9804-க்கு அடிப்படைத் தீர்வை 35 சதவீதம், 4,025 ரூபாய். அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 402 ரூபாய். பொருள் மதிப்பு, தீர்வை, கூடுதல் வரி மூன்றையும் கூட்டி அதன் மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) 28 சதவீதம், 4,460 ரூபாய். மொத்தம் 8,887. சதவீதமாகச் சொன்னால் 77.28. கூரியர்காரர்களின் சேவைக் கட்டணம், கிடங்கு வாடகை, அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து இன்னும் ஆயிரத்து எண்ணூறு சொச்சம். பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருள் வீட்டு வாசலில் இருபத்திரண்டாயிரம் ஆனது. மனைவியிடம் முதல் எண்ணைத்தான் சொல்லியிருந்தேன். இதைப் படித்தால் இரண்டாவதும் தெரிந்துவிடும்.

விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அதனால் என் சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளாமல், கணக்குப் போடும் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் செய்யும் அன்று 9804-க்கு என்ன விகிதம் என்று மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் பார்த்து, அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

6. பார்சல் நின்றுவிட்டால்

முதலில், உண்மையாகவே நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பார்சல் வர வேண்டிய அதே வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் தடை செய்யப்பட்ட பொருள், சுங்கத்திலிருந்து பேசுகிறோம், இந்த எண்ணுக்கு யுபிஐ-யில் கட்டுங்கள்." உண்மையிலேயே ஒரு வில்லங்கப் பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இந்த அழைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கை நடுங்கியது. சுங்கத்துறை தனிநபர் யுபிஐ-யில் பணம் கேட்காது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், வாரியத்தின் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உண்மையாகவே நின்றிருந்தால், கூரியரின் முதல் மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போடுங்கள். கிடங்கு வாடகை இல்லாத நாட்கள் சிலதான். நாலாவது படியில் சேர்த்த கோப்பை ஒரே பிடிஎஃப்-ஆக்கி, மேலே கடிதத்தை வைத்து அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு ஆள் படிப்பார்.

விலை தவறாகப் போட்டிருந்தால் மழுப்பாதீர்கள். "விற்பவர் தவறாக எழுதியிருக்கிறார், நான் கொடுத்தது இவ்வளவு, கார்டு அறிக்கை இதோ" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். உண்மை விலைக்குத் தீர்வை போட்டு விட்டுவிட்டார்கள், தண்டம் போடவில்லை. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மறைத்துவிட்டு அவர்கள் கண்டுபிடித்தால் நிலைமை வேறு என்பது மட்டும் நிச்சயம்.

தீர்வை பொருளின் மதிப்பைத் தாண்டிவிட்டது, சண்டை போடத் தெம்பில்லை என்றால் பொருளின் மீதான உரிமையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். தீர்வை கட்ட வேண்டாம். ஆனால் ஏதோ குற்றம் நடந்திருப்பதாக அதிகாரி கருதினால் இந்த வழி கிடையாது. சும்மா விட்டுவிட்டுப் போனைத் துண்டிப்பது மட்டும் வேண்டாம்.

7. சிங்கப்பூர் மாமா வழி

கூரியரே வேண்டாம், வருகிறவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். பயணிக்குத் தீர்வையில்லா வரம்பு உண்டு, பெட்டிச் சரக்கு வியாபாரமாக இல்லாதவரை 2007 விதிகளும் பொருந்தாது. நல்ல வழிதான். ஆனால் பெட்டி பெரிது. 12 அங்குல ஃபிகரின் பெட்டி ஒரு பிரஷர் குக்கர் பெட்டி அளவு வரும். மாமாவிடம் உள்ளே இருப்பது என்ன, விலை என்ன, லைசென்ஸ் இல்லாதது என்பது மூன்றையும் முன்பே சொல்லி, ரசீதையும் அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்தில் "ஏதோ பொம்மை, தம்பி வாங்கிட்டு வரச் சொன்னான்" என்று அவர் திணறுவது உங்களால் நடக்க வேண்டாம். சுங்கத்தின் முன் அது அவர் சரக்கு. ஒருவரிடம் ஒன்றுக்கு மேல் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

8. வீட்டிலேயே 3டி பிரிண்ட் எடுத்தால்

சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் இடம் இருக்கிறது. உங்கள் மெஷினில், உங்கள் அலமாரிக்கு ஒன்று எடுப்பது அந்தக் கூரையின் கீழ் நிற்கும் என்று வாதாடலாம். காசு வாங்கிக்கொண்டு பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடைக்கு அந்தக் கூரை கிடையாது. தெரிந்த பாத்திரம் என்றால் பல கடைகள் மறுத்துவிடுகின்றன, அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

9. விற்க நினைக்கும் நாள்

ஒரு நாள் வீடு மாறுவீர்கள், அல்லது பணம் தேவைப்படும், அல்லது அதே பாத்திரத்தின் முறையான பதிப்பு வந்துவிடும். உடனே இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விலை எழுதக் கை வரும். நிறுத்துங்கள். உங்களைக் காப்பாற்றிய விதிவிலக்கு இறக்குமதிக்கு மட்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்பதற்கும், விற்பனைக்கு என்று அறிவிப்பதற்கும் 51-வது பிரிவில் அந்தச் சலுகை இல்லை. "ஒருமுறை வாங்கிவிட்டால் என் பொருள், யாருக்கும் விற்பேன்" என்பது முறையான பிரதிக்குத்தான் சரி.

கூடவே, சுங்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். "விற்பனைக்கு அல்ல" என்று உங்கள் கையெழுத்தோடு.

சென்னையில் 2024-லிருந்து காமிக் கான் என்ற காமிக்ஸ், சினிமா ரசிகர் திருவிழா நடக்கிறது. அங்கே ஒரு மேசை எடுத்து இந்தச் சரக்கை அடுக்கி வைப்பது வியாபார நோக்கில் காட்சிக்கு வைப்பது ஆகும். வாங்கும்போது "இதை விற்க முடியாது, என்னோடுதான் இருக்கும்" என்று நினைத்து வாங்குங்கள். அப்படி நினைத்த பிறகு நான் ஆர்டர் செய்யாமல் விட்டவை ஆறு.

10. வந்து சேர்ந்த பிறகு

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், கை உடைந்து வந்தால் அதுதான் சாட்சி. முதல் இரண்டு நாள் ஜன்னல் பக்கம் வையுங்கள், மலிவான பெயின்ட் வாடை அடிக்கும். அந்தப் பெயின்டில் என்ன இருக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அதனால் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை எட்டும் உயரத்தில் வைக்கவே கூடாது.

நம்மூர்க் காற்றுக்கு முதலில் போவது போலித் தோல். என் வில்லனின் மேலங்கி இரண்டாவது ஐப்பசியில் தோள்பட்டையில் வெடித்து, கருவேப்பிலைச் சருகு போல உதிர ஆரம்பித்தது. உதிரித் துணிக்கு இந்த விற்பவர்களிடம் போய் நிற்க முடியாது. வாங்கும்போதே போலித் தோல் இல்லாத, துணி உடுப்புள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலு போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பிவிசி கைகால் பிசுபிசுத்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள், ஸ்பிரிட் போட்டால் பெயின்டும் சேர்ந்து வந்துவிடும்.

தீர்வை கட்டிய ரசீதையும் உறுதிமொழிக் கடிதத்தின் நகலையும் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்துவிடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், 15+ குறி அதில்தான் இருக்கிறது. பரணில் இடம் இல்லை என்று வீட்டில் சொன்னால், பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி மெத்தைக்கு அடியில் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.